காலிக் கோட்டையைப் பிடித்த சக்கரவர்த்தி

நான் யாரிடமும் தோற்றதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, அடுத்தவன் தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன், இன்றைக்கு ஆந்திர எல்லை ஊரான நகரியில் சொந்தக் கொட்டகையில் பவர்லூம் ஓட்டுகிறேன். என்னைப் பார்த்து பேங்க் மேனேஜரே எழுந்து நின்றிருக்கிறார். (அவர் வெளியே போகத்தான் எழுந்தார் என்பாள் என் மனைவி சரோஜா. அவள் பேச்சை விடுங்கள்.) அப்பேர்ப்பட்ட நான் ஒரு கோட்டையைப் பிடித்தேன். அந்த வெற்றியை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

கோட்டை இருந்தது கம்ப்யூட்டரில். பழைய காலத்து ராஜாக்கள் சண்டை போடும் விளையாட்டு. எதிராளி என் மச்சான் முனிரத்தினம், சரோஜாவின் தம்பி. திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தான். பி.ஏ. படித்தவன். நான் இங்கிருந்து படையை நகர்த்தினால், அவன் கடையில் கூட்டம் குறைந்ததும் அங்கிருந்து நகர்த்துவான். தோற்றவன் ஜெயித்தவனுக்குச் சொந்தபந்தம் முன்னால் மாலை போட வேண்டும் என்று பந்தயம். தோற்றவன் மட்டமான மாலையாக வாங்கிவிடுவான் என்பதால், ஜெயித்தவனே தனக்குப் பிடித்த மாலையோடு தோற்றவன் வீட்டுக்கு வரலாம்.

அதுவரை எல்லா மாலையும் அவன் கழுத்துக்கே போயிருந்தது. (விளையாட்டெல்லாம் தோல்விக் கணக்கில் வராது.)

அந்த விளையாட்டில் நாம் போகாத இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும். வேவு பார்க்கும் குதிரைகளை முன்னால் விட்டால்தான் வழி தெரியும். எதிரியின் நகரத்துக்குள் ஒற்றனை நுழைத்தால்தான் உள்ளே எவ்வளவு படை என்று தெரியும். அதற்கெல்லாம் பொறுமை வேண்டுமே. நான் யானைகளை நேரே ஓட்டுவேன். அவை நேரே போய்ச் சேற்றில் இறங்கும்.

"மாமா, முன்னாடி ரெண்டு குதிரைய அனுப்பிப் பாரேன்" என்று போனில் சிரிப்பான் முனிரத்தினம். "இல்லாட்டி இப்படித்தான் சேத்துல குந்திகினு இருப்ப."

"போடா. நான் யாரையும் வேவு பாத்துப் பொழைச்சவன் இல்ல."

சுத்தப் பொய். பக்கத்துக் கொட்டகையில் என்ன சேலைப் பார்டர் ஓடுகிறது என்று டீ கொண்டுபோகிறவனிடம் விசாரித்து விசாரித்தே நான் மேலே வந்தேன். நகரியில் பாதிப்பேர் அப்படித்தான். அந்தப் புத்திதான் அன்றைக்கு வேலை செய்தது. கம்ப்யூட்டருக்குள் எதற்கு ஒற்றன்? வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே!

"தம்பிய பாத்துட்டு வாயேன்" என்றேன் சரோஜாவிடம்.

"நீங்களுந்தான் போயி எவ்ளோ நாளாச்சு. ரெண்டு பேருமா போலாம்."

"எனக்குத் தறி வேலை இருக்குது. நீ போயி அவன் கம்ப்யூட்டர எட்டிப் பாரு. கோட்டையில எத்தினி யானை நிக்குதுன்னு மட்டும் பாத்துகினு வா."

போனாள். சாயங்காலம் திரும்பினாள்.

"இன்னா பாத்த?"

"கோட்டையில யாருமே இல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என் யானைகள்தான் முக்கியம்.

அவள் சொன்னது சரி. கோட்டைக் கதவு திறந்து கிடந்தது. ஒரு சிப்பாய்கூட இல்லை. கொம்பு ஊதியது, என் கொடி ஏறியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் ஆடினேன்.

மறுநாள் என் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு காரில் புறப்பட்டோம். புத்தூர் தாண்டியும் சரோஜா வாய் திறக்கவில்லை. தம்பி தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பதிக்குள் நுழைந்ததும், "ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க" என்றாள்.

"யாருக்கு இன்னா?"

"தம்பிக்கு. கல்லீரல்ல கட்டி. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க." அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினான்."

பதறி இறங்கி ஓடினேன். மாலையும் கையோடு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மாலையோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மகான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள். வராந்தாவில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் பொட்டலத்தைப் போட்டுவிட்டு அவரவர் நோயாளியைப் பார்க்க ஓடினார்கள். ஒரு நர்ஸம்மா வழிமறித்து, "ஏம் பெத்தாயனா, அப்புடே தண்ட தெச்சாரா?" என்று தெலுங்கில் கத்தினாள். அதற்குள் மாலையே கொண்டுவந்துவிட்டீரா என்று கேட்கிறாள்.

கட்டிலில் முனிரத்தினம் பாதியாக இருந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். மாலையைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா மாமா, இவ்ளோ அவசரம்? நான் இன்னும் கெளம்பலியே."

என்ன கேட்பதென்று தெரியாமல், "ஒம் படையெல்லாம் எங்கடா?" என்றேன்.

"காட்டுக்கு அனுப்பிட்டேன். சும்மா கூப்ட்டா தறி வேலை இருக்குதும்ப. ஒடம்பு சரியில்லன்னா அழுதுகினு வருவ. ஜெயிச்சாத்தான் மீசைய முறுக்கிகினு வருவ. அப்படி ஒருவாட்டி பாக்கணும்னு இருந்திச்சி. குனி மாமா."

குனிந்தேன். ஊசி ஏறிக்கொண்டிருந்த கையால், சரோஜா தாங்கிப் பிடிக்க, மாலையை என் கழுத்தில் போட்டான். நான் ஒற்றனாக அனுப்பிய சரோஜா அவன் ஆளாகத்தான் திரும்பி வந்திருக்கிறாள். அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மீசையை முறுக்கிக் காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். முடியவில்லை.

கொஞ்ச நாளில் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு நான் போட்ட மாலை இதைவிடச் சின்னது. அலைந்தும் பெரியது கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த விளையாட்டைத் திறந்தேன். என் தலைநகரின் கடைத்தெருவில், சாமியார் வேஷத்தில் ஒரு ஆள். முனிரத்தினத்தின் ஒற்றன். எப்போது நுழைத்தானோ! அமுக்கினால் பிடித்துவிடுகிற பொத்தான் இருக்கிறது. நான் அமுக்கவில்லை. இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டில் நான் பெருமை அடிக்க ஆரம்பித்தால் போதும், "மெல்லப் பேசுங்க, என் தம்பி ஆளு உள்ள குந்திகினு கேட்டுகினு இருக்கான்" என்பாள் சரோஜா. மகன், மருமகள் எல்லாரும் சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.