மாமன் ஈரலும் ஒன்றாம் நம்பரும்

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அருளானந்தம் அவர்களுக்கு,

சிங்கவரம் சாலையிலிருந்து மரியசெல்வம் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், உங்கள் தங்கை அமலா, மணப்பெண் வெரோனிகா எல்லாரும் சுகம். கல்யாணப் பன்றியும் சுகம். அதுதான் பிரச்சினை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

விருந்துக்குப் பன்றி வெட்டியதும் ஈரலைத் தணலில் இரண்டே புரட்டுப் புரட்டி, உப்பும் மிளகும் தூவி, தாய்மாமனாகிய உங்கள் கையில் கொடுக்க வேண்டும். நீங்கள் தின்று தலையசைத்த பிறகுதான் குழம்புக்கு அடுப்பு பற்றும். மூத்தவன் லாரன்ஸின் புதுநன்மை விருந்தில் ஈரல் அரை மணி தாமதமானதற்காக, அவனுக்கென்று வாங்கிவந்த மாலையோடு நீங்கள் திண்டிவனம் பஸ் ஏறியது நினைவிருக்கிறது. ஆகையால் நடுக்கத்தோடு தெரிவிக்கிறேன்: வெரோனிகா கல்யாணத்தில் ஈரல் இல்லை.

போன மாதம் கால்நடை டாக்டர் மஞ்சு வந்து, ஹெபடைடிஸ் ஈ என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி பன்றிகளிடம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கேட்டார். ஊசியைக் கண்டதும் நம் பன்றிகள் ஐந்தும் வேலியை முட்டின. அவற்றுக்குத் தைரியம் வரட்டும் என்று நான்தான் முதலில் கையை நீட்டினேன். "வளக்கறவங்களுக்கும் எடுக்கணும்தான் சார், வசதியாப் போச்சு" என்று குத்தினார். நேற்று போன் செய்தார்: "ஒண்ணாம் நம்பர்ல தடயம் இருக்குது. டென்ஷன் ஆவாதீங்க, நேர்ல வந்து சொல்றேன்." நம் கொட்டகையில் ஒன்றாம் நம்பர் யார்? தொட்டிக்கு எப்போதும் முதலில் வருகிற, கல்யாணத்துக்கென்றே வளர்த்த பெரியவர்தான். உடனே அவரைத் தனிக் கொட்டகையில் விட்டு, தனி வாளியும் கொடுத்துவிட்டேன். மற்ற நான்கும் அதே தொட்டியில் வாய் வைத்தவை, அவற்றின் ஈரலையும் நம்ப முடியாது.

நேற்றிலிருந்து வேலை ஓடவில்லை மச்சான், பெரியவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பன்னிக்கு இன்னா ஆவும்?" என்று டாக்டரை அன்றே கேட்டிருந்தாள் அமலா. "ஒண்ணும் ஆவாதுக்கா. அது பாட்டுக்குத் துன்னும், தூங்கும். கிருமி ஈரல்ல குந்திக்கினு சாணியில வெளிய வரும்" என்றார். காட்டுப்பன்றி, மான், முயல் என்று காட்டிலும் இது தங்காத வீடில்லையாம். மலைக்குப் பின்னாலிருந்து வேர்க்கடலை தின்ன இறங்கும் காட்டுப்பன்றிகள் வேலியோரம் வந்து பெரியவரோடு மூக்கு உரசும்போது, குசலம் விசாரிக்கின்றன என்றல்லவா நினைத்திருந்தேன்! மூன்று மலையை வளைத்து மதில் கட்டி, அகழி வெட்டி, பீரங்கி வைத்த ஊர் இது. படைகள் மாதக்கணக்கில் வெளியே கிடந்திருக்கின்றன. கண்ணுக்கே தெரியாத ஒன்று, கழுநீர்த் தொட்டி வழியாக உள்ளே வந்து ஈரலில் உட்கார்ந்திருக்கிறது; வீட்டுக்காரருக்கே தெரியாது. இவ்வளவு வீடு தங்கியும் ஒரு வீட்டிலும் கோபித்துக்கொண்டு கிளம்பாத விருந்தாளியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், இரண்டு புரட்டில்தான் ஆபத்து என்றும் டாக்டர் சொன்னார். வேகவைத்தே கொடுத்துவிடலாமே என்றேன். "எங்க அண்ணன் அத செருப்புத்தோலும்பாரு, மாலையோட பஸ் ஏறிடுவாரு. அதுக்கு ஈரலே இல்லன்னு எழுதிடுங்க" என்றாள் அமலா. வெரோனிகா மட்டும், "மாமா வராம நான் கோயிலுக்கு எறங்க மாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே பெரிய மனதோடும் மாலையோடும் முன்கூட்டியே வந்து பிள்ளையை ஆசீர்வதிக்கவும். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல ஈரலும் அருள்வாராக.

இப்படிக்கு,
மரியசெல்வம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது டாக்டர் மஞ்சு வந்துவிட்டார். பன்றிகள் ஐந்தும் சுத்தம். ஒன்றாம் நம்பர், முதலில் கையை நீட்டியவன். "எப்பவோ வந்து, தெரியாமலே போயிருக்குது சார். பயம் வாணாம். தண்ணியிலயும் வந்திருக்கலாம், வேகாத ஈரல்லயும் வந்திருக்கலாம்" என்றார். அப்பேர்ப்பட்ட விருந்தாளி எனக்குள்ளேயே தங்கிவிட்டுப் போயிருக்கிறார், ஒரு காபி கூடக் கொடுக்கவில்லை. வேகாத ஈரல் என் வாழ்நாளில் நான் தின்றது ஒரே வாய். லாரன்ஸ் ஞானஸ்நானத்தன்று உங்கள் பங்கிலிருந்து பிய்த்து நீங்கள் ஊட்டியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க அண்ணன் வந்தா அவருக்கும் ஒரு ஊசி போட்டு ரத்தம் எடுத்துடுங்க டாக்டர்" என்று அமலாதான் சொல்லியிருக்கிறாள். எனவே ஈரல் உண்டு, பஞ்சாக வெந்தது; அவசியம் வரவும். பெரியவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார். தனிக் கொட்டகையையும் வாளியையும் அமலா எனக்கு ஒதுக்கியிருக்கிறாள்.