நண்டுமேட்டுப் பிலிம் கழுவல் கமிட்டி

மனித குலம் இருட்டில் செய்த காரியங்கள் எத்தனையோ. அவற்றுள் மிகவும் வெளிப்படையாகச் செய்யப்பட்டது, நண்டுமேட்டுக் குப்பத்தின் 'பெரிய பிலிம் கழுவும் உபகரணத் தேர்வுக் கமிட்டி' ஆற்றிய பணி ஒன்றுதான். பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள், கல்லறை கட்டினார்கள். ஆனால் நாலு பிலிமைக் கழுவ ஆறு கூட்டம் போடும் தெம்பு அவர்களுக்கும் இருந்ததில்லை.

கமிட்டியின் காரியதரிசி சுப்பராயலு. வயது இருபத்தாறு, கல்யாணமாகி எட்டு மாதம். கல்யாணமானவனுக்குத்தான் குப்பத்தில் தனிக் குடும்பம் என்ற தலைக்கட்டு உண்டு. தலைக்கட்டு உள்ளவனுக்குத்தான் பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எவன் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் அன்றைக்கு இன்னொருவன் இறங்கக்கூடாது. இறங்கினால் அண்ணன் தம்பி என்றும் பார்ப்பதில்லை. அதுவரை அடுத்தவர் வலையில் கூலிக்கு நின்ற சுப்பராயலுவுக்கு இந்த வருஷம் முதல் சீட்டு விழுந்திருந்தது. அதுவும் கொக்குத்திட்டில், இறால் வந்து முட்டுகிற இடத்தில். தை பிறந்தால் சொந்த வலையோடு இறங்கலாம்.

அந்தக் கொக்குத்திட்டில்தான் புதிய ஜெட்டி, அதாவது கான்கிரீட் படகுத்துறை, வரப்போவதாக நோட்டீஸ் வந்தது.

ஆட்சேபம் கேட்க வந்த அதிகாரி மிகவும் நேர்மையானவர். குப்பத்தார் செல்போனில் காட்டிய படங்களை அவர் கண்ணால் பார்க்கவே மறுத்துவிட்டார். செல்போன் படத்தில் யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்பது அவர் கட்சி. அப்புறம் ஒரு பழைய டச்சு வரைபடத்தின் நகலை மேசையில் விரித்தார்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. கொக்குத்திட்டுகிட்ட ஒரு திமிங்கலம் இருக்கு, பாருங்க. வலை இல்ல. ஆளும் இல்ல."

இடுப்பளவுத் தண்ணீரில் திமிங்கலம் எப்படி நீந்தியது என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர் வரைந்தது. 'கைவைக்க முடியாத மூல நெகடிவ்' இருந்தால் கொண்டுவரலாம், இருபது நாள் அவகாசம் என்று அதிகாரி பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார்.

குப்பத்துக்கு நல்ல நேரம். டச்சுக் கல்லறைகளைப் படமெடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கிற மரப்பெட்டிக் காமிரா. ஒவ்வொரு பிலிமும் பள்ளிக்கூட நோட்டு அகலம். விஷயத்தைக் கேட்டதும் அவரே தோணியேறிப் போய், வலையும் ஆளுமாக நாலு பிலிம் எடுத்தார். மறுநாளே ஊர் திரும்ப வேண்டியிருந்ததால், எடுத்த பிலிம்களை வெளிச்சம் புகாத பெட்டியில் வைத்து, இரண்டு பாட்டில் மருந்தோடு கொடுத்தார். முதல் மருந்து படத்தைக் கொண்டுவரும். இரண்டாவது மருந்து அதை நிலைக்கவைக்கும். இந்த அளவுப் பிலிமை வெளியே கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், வீட்டிலேயே கழுவிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் என்றால் யார் வீட்டில்? கமிட்டி பிறந்தது.

முதல் கூட்டத்திலேயே கமிட்டி மூன்று 'சிந்தனைப் பள்ளி'களாகப் பிரிந்து முதிர்ச்சி அடைந்தது. தலைவர் தெய்வசிகாமணி மீன் கம்பெனிக்கு ஐஸ் போடுகிறவர். அவரிடம் நாற்பது தட்டு சும்மா கிடந்தது. ஆகவே உலகம் முழுவதும் பெரிய பிலிமைத் தட்டில்தான் கழுவுகிறார்கள் என்றார். கண்ணப்பன் வீட்டில் மருமகள் சீராக வந்த எவர்சில்வர் தொட்டி இருந்தது. தட்டில் கழுவினால் பிலிமும் பிலிமும் உரசிக் கீறல் விழும், தொட்டியில் தொங்கவிட்டால் விழாது என்று அவர் ஆதாரத்தோடு பேசினார். ஆதாரம் தொட்டிதான். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிற திருவேங்கடம், நவீன உலகம் உருளைக்குள் பிலிமைச் சுருட்டிவைத்துச் சுற்றுகிறது என்று மூன்று வீடியோ காட்டினார். உருளையைச் சுற்றப் பத்து குதிரைசக்தி எஞ்சின் ஒன்றைத் தரவும் முன்வந்தார்.

காரியதரிசி எல்லாவற்றையும் எழுதினான். பிலிம் பெட்டியும் மருந்தும் அவன் வீட்டில் இருந்தன. எந்தத் தெர்மாமீட்டர் என்று ஒரு கூட்டம். ஏரித் தண்ணியா, கேன் தண்ணியா என்று ஒரு கூட்டம். இருட்டு அறையில் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு கூட்டம். அதில் முடிவு எட்டப்படாமல், கடிகாரத்துக்கு ஓர் உபகமிட்டி.

சுப்பராயலுவின் மனைவி தேவகி, கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் பொன்னேரியில் ஓர் எக்ஸ்ரே சென்டரின் இருட்டறையில் வேலை பார்த்தவள். ஒரு நாளைக்கு அறுபது பிலிம் கழுவியவள். மூன்றாம் கூட்டத்தின்போது டீ கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு? மூணு டப்பு, ஒரு இருட்டு ரூம்பு. முத மருந்து, தண்ணி, ரெண்டாவது மருந்து. ஒரே இருட்டுல, ஒரே மூச்சுல முடிக்கணும். நடுவுல வெளிச்சம் பட்டா கறுத்துப் பூடும். அர மணி நேர வேல."

தலைக்கட்டு இல்லாதவர் பேச்சைக் குறிப்பேட்டில் ஏற்றும் வழக்கம் இல்லை. காரியதரிசி கடமை தவறாதவன். 'வெளியே சிறிது சத்தம்' என்று எழுதினான்.

ஆறாவது கூட்டத்தில் அடிதடி நடக்கவிருந்த தறுவாயில் தெய்வசிகாமணிக்கு ஞானம் வந்தது. முன்னோர் வைத்த முறை இருக்கும்போது நமக்குள் சண்டை எதற்கு? சீட்டுக் குலுக்கினார்கள். திங்கட்கிழமை தட்டுக்காரர் பாடு: முதல் மருந்து. புதன்கிழமை தொட்டிக்காரர் பாடு: தண்ணீர். வெள்ளிக்கிழமை உருளைக்காரர் பாடு: இரண்டாவது மருந்து. ஒருவர் பாட்டில் ஒருவர் இறங்குவதில்லை. எல்லா உபகரணமும் தேர்வாயிற்று, எவர் மனமும் நோகவில்லை. இப்படியொரு தீர்வை எந்த விஞ்ஞானியும் கண்டதில்லை. காணவும் மாட்டான்.

திங்கட்கிழமை தலைவர் வீட்டு ஐஸ் அறையை இருட்டாக்கிப் பெட்டியைத் திறந்தார்கள். தடவிப் பார்த்ததில் மூன்று பிலிம்தான் இருந்தது. ஒன்று ஆவியாகியிருக்கலாம் என்று தீர்மானித்து மேலே போனார்கள். புதன்கிழமை அந்த மூன்றையும் முதல் மருந்துத் தட்டிலேயே மிதக்கவிட்டு, பட்டப்பகலில், மேளம் முன்னே போக, கண்ணப்பன் வீட்டுக்கு ஊர்வலம். மூடிக்கொண்டு போனால் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும் என்று தலைவர் திறந்தே எடுத்துவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை எஞ்சின் போட்ட சத்தத்தில் தோணிரேவிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. மாலையில் உருளையிலிருந்து வெளிவந்த மூன்று பிலிமும் தார் மாதிரி கறுத்து மின்னின. கறுப்பு அழுத்தமாக இருக்கிறது, நல்ல மருந்து என்று மூன்று பள்ளியும் ஒருமனதாகப் பாராட்டின.

சுப்பராயலு மட்டும் பாராட்டைக் கேட்க நிற்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். தேவகி பாய்க்கடியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அதற்குள் ஒரு பிலிம்.

ஆறாவது கூட்டம் நடந்த சனிக்கிழமை மத்தியானத்தில், குளியலறைச் சந்துபொந்தெல்லாம் கம்பளி அடைத்து, இறால் அலசுகிற டப்பு மூன்றைத் தேய்த்துக் கழுவி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் மருந்து ஊற்றி, அவள் ஒன்றைக் கழுவியிருந்தாள். நேரத்துக்கு வாயாலேயே நானூற்று இருபது வரை எண்ணினாளாம்.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். வானம் கறுப்பு, தண்ணீர் சாம்பல். வலைக் கம்பு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல வரிசையாக நின்றது. நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று ஓர் ஆள்.

"யார்னு தெர்தா?" என்றாள் தேவகி. "நீதான்யா. கண்ணப்பன் மாமா வலையில கூலிக்கு நின்ன அன்னிக்கு எடுத்தது. நெகடிவுல டச்சுக்காரன் மாரி கீற."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினான். தெய்வசிகாமணி வெகுநேரம் பார்த்தார். பிலிம் நன்றாக வந்திருப்பதை ஒப்புக்கொள்ளும் விசால மனசு அவருக்கு இருந்தது.

"சோக்காத்தான் கீது. ஒன் பொண்டாட்டி எந்த நாள்ல கழுவினா?"

"சனிக்கெழம, நைனா."

"சனிக்கெழம யார் பாடு?"

"யார் பாடும் இல்ல, நைனா."

"அப்போ எப்டி எறங்கினா? தலக்கட்டு உண்டா அவுளுக்கு? இத்த நீ ஆபீசர்கிட்ட குட்த்தினா, எங்க மூணு பேர் பாட்டுலயும் நீ எறங்கினதா ஆவும். பாட்டுல எறங்கினவன் சீட்ட இன்னா பண்ணுவோம்?"

கிழித்துவிடுவார்கள். அது சுப்பராயலுவுக்குத் தெரியும். முதல் சீட்டு. கொக்குத்திட்டுச் சீட்டு. அதைக் காப்பாற்றத்தானே இவ்வளவும்.

தேவகியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "எடமே போச்சுனா சீட்ட வெச்சிக்கினு இன்னாயா பண்ணுவ? நாக்கு வழிப்பியா?"

திங்கட்கிழமை விசாரணைக்குச் சுப்பராயலு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். தேவகியின் பிலிமைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தான். தலைவர் மூன்று கறுப்புப் பிலிமைப் பட்டுத்துணியில் ஏந்திவந்து மேசையில் வைத்தார். அதிகாரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், தலைகீழாகவும் பார்த்தார். நேர்மையான மனிதர் என்று முன்பே சொன்னோம்.

"இது கைவைக்காத ஒரிஜினல்தானே?"

"ஊரே பார்த்துச்சு சார்" என்றார் தலைவர்.

"வேற பிலிம் ஏதாவது இருக்கா?"

தலைவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசியின் வயிற்றில் பிலிமின் மூலை குத்தியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் அவ்வளவாகக் குத்தவில்லை.

"இல்லீங்க சார்" என்றான்.

அதிகாரி எழுதினார்: 'மீனவர் தரப்பே சமர்ப்பித்த மூலச் சான்றின்படியும், மேற்படி இடத்தில் வலையோ ஆளோ இல்லை.' படித்துக் காட்டிவிட்டு, குப்பத்தின் சார்பில் பொறுப்பான ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார். மூன்று பள்ளியும் ஒரே விரலாகக் காரியதரிசியைக் காட்டின. கட்டுப்பாட்டுக்கு நண்டுமேட்டில் அவனை விட்டால் ஆள் கிடையாது.

சுப்பராயலு குனிந்து, அழகான கையெழுத்தில், தான் அங்கே இல்லை என்று கையெழுத்திட்டான்.