அடுக்களைச் சன்னலும் உன் அட்டவணையும்

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகன் எஸ்றாவுக்கு, அப்பா நேசையா எழுதுவது. நான் சுகம். உன் அம்மா சுகமா என்பதை நீதான் அவளிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

முதலில் என் மானம் போன கதை. அடுக்களையை மாற்றிக் கட்டும் வேலைக்கென்று நீ தொடங்கிக் கொடுத்த வாட்ஸப் குரூப்பில், செங்கல் வந்துவிட்டதைப் பேசி அனுப்பலாம் என்று மைக்கை அமுக்கினேன். மத்தியானச் சோறு உண்ட மயக்கம், அப்படியே தூங்கிவிட்டேன். விழித்துப் பதறி எதையோ தொட, பதினொரு நிமிடக் குறட்டை குரூப்புக்குப் போய்விட்டது. எஞ்சினியர் ரசீத், "புரிஞ்சுது சார், சிமெண்ட் அனுப்புதேன்" என்று பதில் போட்டிருக்கிறார்.

அதை விடு. யாருக்கு எதை, எப்போது, எதன் மூலம் சொல்ல வேண்டும் என்று உன் கம்பெனி வழக்கப்படி ஓர் அட்டவணை அனுப்பினாயே, பத்தாம் வகுப்போடு நின்றவனானாலும் அதை எழுத்துப் பிசகாமல் நடத்தினேன். ரசீத்துக்கு ஈமெயில், கொத்தனார் முத்துமாலைக்குக் காலை ஏழு மணிக்கு போன், தூசி பறக்கும் என்று பக்கத்து வீட்டு கிரேஸுக்கு முறையாக ஒரு கடிதம், கூடவே புதுப் பிளானின் நகல். அம்மா பெயருக்கு நேரே 'வீட்டிலேயே இருப்பதால் தேவையில்லை' என்று போட்டிருந்தாய். நானும் மெனக்கெடவில்லை. பிளானில் அடுக்களையின் கிழக்குச் சுவர்ச் சன்னல் கிடையாது, அங்கே நான் கேட்ட அலமாரி வருகிறது. இருபது வருடமாக அவளும் கிரேஸும் குழம்பு கைமாற்றிப் பேசுகிற சன்னல் அது. விஷயத்தை அவளுக்குச் சொன்னது யார்? கிரேஸ். எதன் மூலம்? அந்தச் சன்னல் மூலந்தான்! "யக்கா, நம்ம சன்னல அடைக்கப் போறாவளாமே, அண்ணன் லெட்டர்லா போட்டிருக்காவ!"

அன்றைக்குச் சன்னலடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான் உன் அம்மா. முத்துமாலையை வேலையைத் தொடங்கச் சொன்னால், "உம்ம குரூப்புல டீச்சரம்மா இல்லையே வே? எனக்கு டீ தாரது அவங்கதான். அவங்க சொல்லாம கரண்டியத் தொட மாட்டேன்" என்கிறார். மணல் மேல் உட்கார்ந்து அவர் டீ குடிக்கிறார். எனக்கு அதுவும் இல்லை. நேற்று அம்மாவையும் குரூப்பில் சேர்த்தேன். சேர்த்த நிமிடமே வெளியேறினாள். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அடுக்களை வரை போய், மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கர்த்தர் உன் வேலையை ஆசீர்வதிப்பாராக. உன் அட்டவணையிலிருந்து எங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு: இந்தக் கடிதம் உனக்கு வராவிட்டால் தேடாதே. என் கடிதத்தை உன் அம்மா படித்துப் பிழை திருத்தாமல் ஒட்டியதே இல்லை. பேச்சை நிறுத்தினாலும் சிவப்புப் பேனாவை நிறுத்த மாட்டாள். அதனால் ஒட்டாமலே அந்தச் சன்னல் திண்டில் வைக்கிறேன்.

பாக்கியவதி, அலமாரி வேண்டாம். உன்னிடந்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.