சாம்பல் மெஷினின் கடைசிக் கோடு

கறுப்பு மெஷின் சாவதற்காகக் கோதண்டபாணி காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தார். அது சாகிற வழியாக இல்லை.

பத்து மணிக்குத் திரையில் சார்ஜ் மூன்று கோடு. பதினொன்றரைக்கு இரண்டு கோடு. எல்லாவற்றையும் ஒழுங்காக நோட்டில் எழுதியிருந்தார். களிமண் லாரி வந்து நிற்கிறதென்று எழுந்து போய், இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மணி பன்னிரண்டே முக்கால். கறுப்பு மெஷினில் நாலு கோடு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாலுதான்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் கொலு பொம்மையும் செய்கிற வெண்முத்து செராமிக்ஸில், இருபத்திரண்டு வருஷமாக அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். 2005 மாசி மாதம் அது. முதலாளியின் மகள் சிவசங்கரி, சென்னை ஆபீசைப் பார்த்துக்கொள்பவள், சரக்கு எண்ணிக்கைக்காகக் கையில் வைத்துத் தட்டுகிற கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாள். மாதிரிக்கு இரண்டு கம்பெனியிடம் ஒவ்வொன்று வாங்கி அனுப்பியிருந்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முழு சார்ஜில் ஆரம்பித்து, திரையை அணைக்காமல் வைத்தால், தானாக அணைகிற வரைக்கும் எது எத்தனை மணி நேரம் தாங்கும்? எட்டு மணி நேர ஷிஃப்டைத் தாண்டுகிற மெஷின்தான் வேண்டும். நடுவில் சார்ஜ் போடவே கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

சரியாகச் செய்து கொடுக்கிறவருக்கு முன் கட்டடத்தில் புது ஸ்டாக் ரூம். ஜன்னல் உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு. கோதண்டபாணியின் ஸ்டோர்ஸோ இரண்டு சூளைகளுக்கு நடுவில் இருந்தது. மாசியில் தொடங்கும் வேர்க்குரு ஐப்பசி மழையில்தான் அடங்கும். வருஷத்தில் எட்டு மாசம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே பில் எழுதுகிற மனிதருக்கு அந்த ஃபேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே அவர் உடனே சென்னைக்குப் போன் போட்டார்.

"மேடம், கறுப்பு மெஷின் அபாரம் மேடம். எறங்குன சார்ஜு தானா ஏறுது!"

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கோதண்டபாணி, வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"லாரிகிட்ட நின்னேன் மேடம்."

"தண்ணி குடிங்க. குடிச்சிட்டு, யாராவது சார்ஜ் போட்டாங்களான்னு விசாரிங்க."

விசாரிக்க வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சூளைக்காரர் கோவிந்தசாமி வாசலிலேயே நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போட்டேன், ஏறுனதும் கழட்டிட்டேன். தண்ணி குடிக்க வந்தேன், ரெண்டு கோட்டுல நிக்குது. எறங்குதுன்னு தெரிஞ்சும் பாத்துட்டுச் சும்மா போவ முடியுமா?"

"சும்மா போவணும்னுதாங்க வெச்சிருக்கறேன்!"

"அதெப்பிடி?" என்றார் கோவிந்தசாமி. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேட்டையில் அது எழுதாத சட்டம். சூளையில் தீ இறங்குவதைக் கண்ணால் பார்த்தவன் யார் முறை என்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விறகு தள்ள வேண்டும். தீ இறங்கினால் அந்தச் சூளைச் சரக்கு மொத்தமும் போச்சு. கோவிந்தசாமி ஒருமுறை சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் போகும்போது, யாருடைய சூளையிலோ புகை மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நடு ரோட்டில் இறங்கி ஓடிப் போய் விறகு தள்ளிவிட்டு வந்தவர். சூளைச் சொந்தக்காரர் யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அப்படிப் போயிற்று.

புதன்கிழமை கோதண்டபாணி உஷாராக வந்தார். இரண்டு சார்ஜரையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மெஷின்களுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

'இந்த மெஷின்கள் சாகட்டும். யாரும் காப்பாற்ற வேண்டாம்.'

பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற ஆராயி பதினொரு மணிக்குத் தூரிகை வாங்க வந்தாள். அட்டையை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள்.

"இன்னாண்ணே இது, வாயில்லா ஜீவனைப் போயி இப்பிடி எழுதி வெச்சிருக்கீங்க?"

"அது ஜீவன் இல்ல ஆராயி, மெஷினு. தூரிகைய எடுத்துக்கினு கெளம்பு."

அவள் கிளம்பிவிட்டாள். ஆனால் மத்தியானம் அவர் சென்னை லாரிக்குச் சரக்கு ஏற்றப் போன நேரத்தில் திரும்பவும் வந்திருக்கிறாள். அவர் மூன்றரை மணிக்கு வந்து பார்த்தபோது இரண்டு மெஷினும் அணைந்து கிடந்தன. கோதண்டபாணி சந்தோஷமாக நோட்டைத் திறந்தார். எந்த நிமிஷம் அணைந்தது என்று தெரியாதே என்ற கவலையோடு சாம்பலின் பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது. கறுப்பை அழுத்தினார். அதுவும் எரிந்தது.

"ஆராயி!"

"கத்தாதீங்கண்ணே. கறுப்பு களைச்சிப் போயிச் செவப்பு லைட்ட காட்டி முழிச்சிக்கினு கெடந்துது. நேத்து சார்ஜு போட்டதுக்குத்தானே கத்துனீங்க? போடல. ரெண்டையும் அணைச்சு வெச்சேன், செத்த நேரம் தூங்கட்டும்னு."

"எப்ப அணைச்ச?"

"சோறு துன்னுட்டு."

"எப்பத் துன்ன?"

"பசிச்சப்ப."

புதன்கிழமை இப்படிப் போயிற்று. கணக்குப் பிரிவில் இருக்கும் அறிவழகன், கடலூரில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன், சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துக் கேட்டான்.

"நான் வேணா பாக்கட்டுங்களாண்ணே?"

நல்ல மனசோடுதான் கேட்டான். கோதண்டபாணிக்கு முதுகு முழுக்க அரித்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மெஷின்களோடும் சார்ஜர்களோடும் வீட்டிலேயே உட்கார்ந்தார். ஹால் நடுவில் ஸ்டூல், ஸ்டூல் மேல் இரண்டு மெஷின், எதிரே நாற்காலியில் அவர். காலை எட்டு மணிக்கு இரண்டும் நாலு கோடு. மனைவி பூங்கோதையிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"இதைத் தொடாத. பாக்காத. இரக்கப்படாத."

"எனக்கு வேற வேலையில்ல பாருங்க" என்றாள் பூங்கோதை. அவள் அப்பாவும் பேட்டையில் முப்பது வருஷம் சூளை எரித்தவர்தான்.

ஒன்று ஐம்பதுக்குக் கறுப்பு கண்ணை மூடியது. ஐந்து மணி ஐம்பது நிமிஷம். கோதண்டபாணி கைதட்டினார். தெருவில் போன காய்கறிக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சாம்பல் இன்னும் இரண்டு கோட்டில் நிமிர்ந்து நின்றது. இரண்டரை மணிக்கு ஒரு கோடு ஆயிற்று.

"ஏங்க, அமாவாசையும் அதுவுமா குளிக்காம கொள்ளாம ஒக்காந்திருக்கீங்க. மாமாவுக்குப் படைக்க வாணாமா? நானும் காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. "ரெண்டு கையையும் கட்டிக்கினு இப்பிடி ஒக்காரு. அணைஞ்சா மணியை மட்டும் பாத்துச் சொல்லு" என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நாலு செம்பு தண்ணீரில் குளித்து, படைத்து, வாழையிலைத் துண்டில் சோற்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கேதான் கிரகம் பிடித்தது. காக்கா வரவில்லை.

"கா! கா! கா!"

மற்ற நாளில் வடகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற காக்கா ஒன்றுகூட ஊரில் இல்லை. அமாவாசை, வீட்டுக்கு வீடு விருந்து. கோதண்டபாணி கிழக்கே பார்த்துக் கூப்பிட்டார், மேற்கே பார்த்துக் கூப்பிட்டார், கடைசியில் "அப்பா, சீக்கிரம் வாப்பா, டெஸ்டிங் நடக்குது" என்று கெஞ்சினார். ஒரு கிழட்டுக் காக்கா வந்து ஒரு பருக்கையைக் கொத்தியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஓடி வந்து பார்த்தார். அதே ஒரு கோடு. பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு நாற்பதுக்குச் சாம்பல் அணைந்தது. எட்டு மணி நாற்பது நிமிஷம்! ஷிஃப்டைத் தாண்டிவிட்டது. கோதண்டபாணி வீட்டுப் போனிலிருந்தே சென்னைக்குப் பேசினார்.

"வெரி குட்" என்றாள் சிவசங்கரி. "சாம்பலுக்கே ஆர்டர் போட்டுடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க முன் கட்டடத்துக்கு வந்துடுங்க."

போனை வைத்துவிட்டு அவர் சட்டையைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வரப்போகிற சுகத்துக்கு ஒத்திகை. பூங்கோதைக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஜெயிச்சிடுச்சு பாத்தீங்களா? நான் மட்டும் அப்ப கவனிக்கலன்னா அதுவும் அந்தக் கறுப்பு மாதிரிப் போயிருக்கும்."

கோதண்டபாணியின் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது.

"என்னத்தக் கவனிச்ச?"

"நீங்க அந்தாண்ட குளிக்கப் போனீங்க. ஒரே ஒரு கோடு. மனசு கேக்கல. ஒயரை எடுத்துச் சொருவி வெச்சேன். மாடிப்படியில சத்தம் கேட்டதும் புடுங்கிட்டேன். ரெண்டும் செத்துப் போச்சுன்னா உங்களுக்கு அந்த ரூம் கெடைக்காதேன்னுதாங்க..."

அவர் திட்டவில்லை. அவருடைய வேர்க்குருவுக்குப் பத்து வருஷமாகப் பவுடர் போட்டு விடுகிறவள் அவள்தான். ஆனால் கணக்கு அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு மணி நாற்பதில் நாற்பது நிமிஷம் சார்ஜில் ஓடியது. மிச்சம் எட்டு. அந்த நாற்பது நிமிஷத்தில் ஏறிய சார்ஜையும் கழித்தால் எட்டுகூட இல்லை.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் பூங்கோதை மெதுவாக.

"எனக்குத் தெரியுமே."

இருபத்திரண்டு வருஷத்தில் மயிரிழை விரிசல் இருக்கிற ஃபியூஸ் கேரியர் ஒன்றைக்கூட அவர் ஸ்டோர்ஸைத் தாண்ட விட்டதில்லை. இதை மட்டும் எப்படி விடுவது? வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கோவிந்தசாமி, ஆராயி, காக்கா உள்பட.

சிவசங்கரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"நீங்க உண்மையைச் சொன்னது சந்தோஷம். ஆனா கோதண்டபாணி, மூணு நாள்ல ரெண்டு மெஷினை உங்களால ஒழுங்கா சாக விட முடியலையே. சாம்பல் ஆர்டரை நிறுத்திடறேன். ரெண்டு மெஷினையும் அறிவழகன்கிட்ட குடுத்துடுங்க, சென்னைக்கு எடுத்துட்டு வந்து என் டேபிள்ல வெச்சே டெஸ்ட் பண்ணட்டும். புது ரூமையும் அவரே பாத்துக்கட்டும். சரியா?"

"சரிங்க மேடம்."

ஒன்பது மணிக்கு அறிவழகன் பைக்கில் வீட்டுக்கே வந்தான். இரண்டு மெஷின், இரண்டு சார்ஜர், நோட்டு, எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்கண்ணே. பத்து மணி ரயிலுக்குப் போறேன்."

"போயிட்டு வாப்பா. அங்க மொட்டை மாடிக்கு மட்டும் போயிடாத."

பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் அர்ச்சுனன் அப்போதுதான் சமையலறை டியூப் லைட்டை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் பூங்கோதை முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்ச தப்புதான் அர்ச்சுனா. இவரு பாட்டுக்கு ஒழுங்காத்தான் பாத்தாரு. ஹாலுல அந்த அலமாரி ஓரம் பிளக்கு இருக்குது பாரு, அதுல ஒரு நாப்பது நிமிஷம் சொருவினேன். அதுக்குப் போயி இவரு வேலையே கெட்டுப் போச்சு."

அர்ச்சுனன் ஏணியின் கடைசிப் படியில் நின்று, பூங்கோதையைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், சமையலறை வாசலில் நிற்கும் கோதண்டபாணியைப் பார்த்தான்.

"அந்தப் பிளக்குல ஏதுங்க அண்ணி கரண்டு? ஐப்பசி மழையில சுவரு ஊறுதுன்னு, நீங்க பெண்ணாடம் போயிருந்தப்ப, அண்ணன்தானே என்னைக் கூப்பிட்டு ஒயரையே கழட்டி வுடச் சொன்னாரு!"