பெண் பார்க்கப் படித்த பௌதிகம்

பஸ் நிற்பதற்கு முன்பே ஞானதாசன் இறங்கினான். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குகிறவன் வண்டி போகும் திசையிலேயே கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கால் தரையில் நின்றாலும் உடம்பு முன்னே போகவே பார்க்கும். அதற்குப் பெயர் சடத்துவம். இதை அவன் அன்று காலையில்தான் படித்திருந்தான். படித்ததை வரி பிசகாமல் நினைத்துக்கொண்டே இறங்கியதில் ஓட மறந்துவிட்டான்.

கருங்கல் ஊரில் அன்று சந்தை. மரச்சீனிக் கிழங்குக் குவியல் ஓரத்தில் முழங்கால் பட விழுந்தவனைக் கிழங்கு விற்ற பெண்கள் தூக்கி நிறுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குக் கூடுதலாக வலித்தது.

இத்தனைக்கும் காரணம் சபையில் ஊழியம் செய்யும் ஞானையன் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். பெண் மணவாளக்குறிச்சி இஸ்ரவேலின் மகள் பூங்கனி. ஞானதாசன் அவளை ஒரு தடவை பார்த்திருக்கிறான். சபையின் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில், வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தனக்கென்று ஒரு வாய்கூட மிச்சமில்லை என்று செம்பைக் கவிழ்த்துப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் வேறு எந்தப் பெண்ணின் ஜாதகத்தையும், அதாவது ஞானஸ்நான விவரத்தையும், விசாரிக்கவில்லை.

உபதேசியார் ஒரே ஒரு எச்சரிக்கை வைத்திருந்தார்.

"பிள்ள திருவனந்தபுரத்தில காலேஜில சயன்ஸ் படிச்சதாக்கும். ஒண்ணு ரெண்டு கேக்கும். நீ முழிச்சிட்டு நிண்ணா நான் ஒண்ணும் செய்ய முடியாது மக்கா."

ஞானதாசன் பதிவு ஆபீசில் நிலப் பத்திரங்களை, அப்போது சர்க்கார் மொழியாக இருந்த மலையாளத்தில், நகலெடுக்கும் குமாஸ்தா. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் வந்த இடங்கள் அவன் உத்தியோகத்தைக் கேட்டதுமே எழுந்து போயிருந்தன. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் அவனைத் தோற்கடித்ததும் சயன்ஸ்தான். பக்கத்து வீட்டில் ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தை இரவல் வாங்கி, சலனம், விசை, சக்தி, உஷ்ணம் என்று முதலிலிருந்து தொடங்கினான்.

பஸ்சிலிருந்து விழுந்தபின், வாசித்தால் மட்டும் போதாது, கையால் செய்து பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று முடிவு செய்தான். அதற்குள் உஷ்ணம் என்ற பாடத்துக்கு வந்திருந்தான். சூட்டில் உலோகம் விரியும் என்று போட்டிருந்தது. அவன் அம்மா ராஜபாய் நாரத்தங்காய் ஊறுகாய் வைத்திருந்த கண்ணாடிக் குப்பியின் பித்தளை மூடி பல நாளாகத் திறக்க வராமல் இருந்தது. கொதிக்கிற வெந்நீரை மூடியின்மேல் ஊற்றினான். மூடி விரிந்ததா என்று தெரியவில்லை. குப்பி இரண்டாகப் பிளந்தது. தாங்கிப் பிடிக்கப் போன கையிலும் வெந்நீர் கொட்டியது.

ராஜபாய் ஊறுகாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் தேங்காய் எண்ணெயைத் தடவித் துணி சுற்றிவிட்டாள்.

"பெண்ணு வரதுக்குள்ள நீ ஒரு முழு ஆளா இருக்கணும் மக்கா. அது போதும் எனக்கு," என்றாள்.

சனிக்கிழமை, நொண்டிக்கொண்டும் கையில் கட்டோடும் அவன் மணவாளக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். அம்மாவும் உபதேசியாரும் கூட வந்தார்கள். இஸ்ரவேல் மணல் கம்பெனியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். காலில் என்ன என்று கேட்டார். பஸ்சிலிருந்து விழுந்தேன் என்று சொல்ல ஞானதாசனுக்கு நா எழவில்லை. சடத்துவத்தைச் சோதித்துப் பார்த்ததில் பட்டது என்றான். கை? அது உஷ்ணம்.

இஸ்ரவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆராய்ச்சியில அவ்வளவு கவனமோ," என்று மரியாதையோடு கேட்டார். உபதேசியார் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன?"

அவன் சொன்னான். புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. பதில் சொன்னதோடு நிறுத்தினால், பெண்ணை மதிக்காதவன் என்று நினைப்பார்களோ என்று பயந்து, சக்தியை அழிக்க முடியுமா என்று அவனும் ஒன்று கேட்டுவைத்தான். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, அது ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் என்று அவள் வேதாகமச் சங்கீதம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். உடனே அவள் உராய்வு விசையைக் கேட்டாள். அவன் நெம்புகோலைக் கேட்டான். அவள் உஷ்ணமும் உஷ்ணநிலையும் ஒன்றா என்றாள். தான் கேட்டதோடு முடிந்துவிடும் என்று அவன் நினைத்த ஒவ்வொரு தடவையும் இன்னொரு கேள்வி திரும்பி வந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியது. பெரியவர்கள் ஆராதனையில் இருப்பதுபோல் அசையாமல் இருந்தார்கள்.

உஷ்ணத்தோடு அவன் படித்தது தீர்ந்துவிட்டது. அடுத்தது ஒளி. அதை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளும் ஏனோ ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் தரையைப் பார்த்தபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட ஒரு பெண்ணை ஏமாற்றிக் கட்டிக்கொண்டால் ஆயுசு முழுவதும் ஒளிந்துதான் வாழ வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றான்.

"எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. நான் பதிவாபீசுல பத்திரம் நகலெடுக்குத ஆளாக்கும். கால்ல பட்டது ஆராய்ச்சியில்ல, பஸ்சிலேருந்து விழுந்தது. ஒங்க படிப்புக்கு நான் பொருத்தமில்ல. மன்னிக்கணும்."

பூங்கனி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அறைக்குள்ளிருந்து விம்மலாக ஒரு சத்தம் கேட்டது. ராஜபாய் மகனின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்ரவேல் உபதேசியாரையே பார்த்தார். உபதேசியார் கண்ணை மூடி, ஜெபிக்கிறவர்போல் இருந்தார்.

போகலாம் என்று ஞானதாசன் வாசலுக்குத் திரும்பினான். பூங்கனியின் அத்தை முத்துக்கனி உள்ளேயிருந்து வந்து வழியை மறித்தாள்.

"இரியும் தம்பி, அவ அழல்ல, சிரிக்கா, மாப்பிள காலேஜில சயன்ஸ் வாத்தியாருண்ணு உபதேசியாரு எங்ககிட்ட சொன்ன நாள் முதல் ராவும் பகலும் உருப்போட்டா, பாவம், அவளுக்குத் தெரிஞ்சது லேஸ் பின்னுதது மட்டுமாக்கும்."