நான் அடுக்கிய செருப்புகள்

பதற்றம் வந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள். சிலர் சாப்பிட்டுத் தீர்ப்பார்கள். நான் அடுக்குவேன். பரீட்சைக்கு முந்தின வாரம் சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகள்கூட உயரவாரியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "படிக்கிற பிள்ள, எவ்ளோ பொறுப்பு பாருங்க" என்று அம்மா பெருமைப்படுவார். பொறுப்பாவது ஒன்றாவது. வெறும் பயம்.

மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டு விடுமுறையில் இந்தோனேசியத் தீவொன்றின் மருந்தகத்துக்குத் தொண்டூழியம் செய்யக் கிளம்பினேன். உடன் வந்தவன் பிரான்சிஸ். சிராங்கூன் வீட்டுப் பையன், என் வகுப்பு, எதற்கும் பதறாத ஜென்மம் (இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்). ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் அப்போது கால் வைத்தியர்கூட இல்லை. ஆனாலும் படகில் போகும்போதே மனத்துக்குள் நான்கைந்து உயிர்களைக் காப்பாற்றி முடித்திருந்தேன்.

அங்கே போனால், மருந்தகம் என்பது கடலோரத்தில் கால் ஊன்றி நின்ற ஒரு மரவீடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் யாத்தி என்ற தாதி. மருத்துவர் எப்போதாவதுதான் நகரத்திலிருந்து படகில் வருவார். மதியம் கடல் வற்றுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதற்குள் பார்க்க முடிந்தவர்களைத்தான் பார்ப்பார். மற்றவர்கள் அவர் அடுத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மருத்துவர் வரும் நாளன்று விடியும்போதே எழுந்துவிட்டேன். என்னை என்ன கேட்பார்? பதில் தெரியாவிட்டால்? எதையாவது அடுக்கியே ஆக வேண்டும். மருந்து அலமாரியைத் தொடக்கூடாது என்று யாத்தி முன்பே சொல்லியிருந்தார். வெளியே வந்தேன். வாசலிலிருந்து படிவழியாக இறங்கி, மண்ணில் வளைந்து, வேலி வரைக்கும் செருப்புகள் கிடந்தன. ஆட்களைக் காணோம்.

நாங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள். பொது நடைபாதையில் குறுக்கே ஒரு செருப்புக் கிடந்தாலே நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள் என்று நடுங்கி வளர்ந்தவர்கள். நோயாளிகள் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? ஒரு பழைய பலகையை இழுத்துப் போட்டு அடுக்கத் தொடங்கினேன். முதலில் சின்னக் குழந்தைகளுடையவை, பிறகு பெண்களுடையவை, கடைசியில் ஆண்களுடையவை. அதிலும் பெரியது பின்னால். முக்கால்வாசி ஒரே மாதிரி நீல ரப்பர் செருப்புகள். அடுக்கி முடித்துப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

பல் துலக்கியபடி வெளியே வந்த பிரான்சிஸ் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏய், என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஏன், நீட்டா இல்ல?"

"அது செருப்பு இல்ல லா, கியூ! ராத்திரியே வந்து செருப்ப வச்சு இடம் புடிச்சிட்டு, சொந்தக்காரங்க வீட்ல போய்ப் படுத்திருக்காங்க. சிஸ்டர் நேத்து எக்ஸ்ப்ளெய்ன் பண்ணாங்களே!"

யாத்தி அதை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அம்மாவுடன் வீடியோ அழைப்பில், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்கிறேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

திருப்பி அடுக்கலாம் என்று ஓடினேன். எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் படகுச் சத்தம் கேட்டது. நாலாபுறமிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு பெரியவர் மட்டும் மெதுவாக, "இவளா மருத்துவம் படிக்கிறவள்?" என்று மலாயில் கேட்டார். சாப்பாடு வாங்கவும், உடம்புக்கு என்ன என்று கேட்கவும் மட்டும்தான் எனக்கு மலாய் தெரியும். அது புரியாமல் போயிருக்கலாம்.

"நேரமில்லை, பலகையில் இருக்கும் வரிசைப்படியே அனுப்பு" என்று சொல்லிவிட்டு மருத்துவர் உள்ளே போனார். ஆகவே நான் ஒவ்வொரு சோடியையும் தூக்கிக்கொண்டு, "இது உங்களுடையதா?" என்று ஒவ்வொருவர் காலடியிலும் மண்டியிட்டேன். போட்டுப் பார்த்தால்தான் அவர்களுக்கே தெரிந்தது. ஒருவருக்கு இரண்டும் இடது கால் செருப்பாக வாய்த்தது. கடல் வற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய ஆண் செருப்பு மிஞ்சியது. சுவரோரம் ஒரு கர்ப்பிணி தனியாக உட்கார்ந்திருந்தார். பெயர் ரோஸ்னா. அது தன்னுடையதுதான் என்றார். கணவரின் செருப்பு, தன் செருப்பு நுழையவில்லையாம். போட்டுவிடப் பார்த்தேன். அதுவும் நுழையவில்லை. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே இருந்தது.

"தலை வலிக்கிறதா?"

"முந்தாநாளிலிருந்து."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடினேன். அவர் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. மற்றவர்களை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணையும், கூட்டத்தில் நின்ற கணவரையும் உடனே படகில் ஏற்றச் சொன்னார். துறைக்கு நடக்கும்போது பிரான்சிஸ், "நாட் பேட் லா நீ" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்கியதும் நல்லதற்குத்தான் என்றுகூட நினைத்துவிட்டேன்.

படகில் ஏறும்போது ரோஸ்னாவின் கணவர் என் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்: "இதைத்தான் முதலாவதாக வைத்திருந்தோம். கதவுக்குப் பக்கத்தில்."

முதல் ஆள். மருத்துவர் வந்த நிமிடமே உள்ளே போயிருக்க வேண்டியவர். செருப்பு பெரிது என்பதற்காக அவரைக் கடைசிக்குத் தள்ளியவள் நான்.

அங்கே தொலைபேசிக்குச் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. மறுநாள் சாயங்காலம் வரை சேதி வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எதையும் அடுக்கவும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் படிப்பே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். கடைசியில் யாத்தி வந்து, அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிரான்சிஸிடம் சத்தியம் வாங்கினேன். பிறகு அவனையே கல்யாணமும் செய்துகொண்டேன் (வாயை அடைக்க அதுதான் வழி என்று நினைத்தேன்). கல்யாண விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து முழுக்கதையையும் அவனே சொன்னான். அன்றிலிருந்து சிராங்கூனில் மாமியார் வீட்டுக்குள் நுழைந்தாலே, "டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் செருப்ப எடுத்து உள்ள வைங்க" என்று வரவேற்பு.

இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு மருந்தகத்தில் இருக்கிறேன். கர்ப்பிணி யார் வந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன் காலைத்தான் பார்ப்பேன். டாக்டருக்குக் கூச்சம் அதிகம், முகத்தைப் பார்த்தே பேசமாட்டார் என்று வட்டாரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரான்சிஸின் தங்கை எட்டு மாத வயிற்றோடு வீட்டுக்கு வந்தாள். எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். உட்காருவதற்கு முன்பே காலை என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணி, மொதல்ல இத பாத்துருங்க. இந்தத் தடவ ஃபர்ஸ்ட்டா வந்தவள ஃபர்ஸ்ட்டா பாக்கணும் லா."

வீடே சிரித்தது. நான் குனிந்து, அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.