ஜரிகைத் துணி சுற்றிய பெட்டி

காஞ்சிபுரம்

மைத்துனர் ராமலிங்கம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் தர்மன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

பிரியதர்ஷினி கல்யாணத்தில் தாய்மாமனாக மாலை எடுத்துக் கொடுக்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பெட்டிக்கு நான் சான்றிதழ் தரவில்லையாம். நடந்ததை நினைவுபடுத்துகிறேன். நீங்கள் செய்து விற்கப்போகும், தறியில் டிசைன் ஓட்டும் அந்த மின்னணுப் பெட்டி, பக்கத்திலிருக்கும் போனையும் ரேடியோவையும் கெடுக்காது என்று எங்கள் ஆய்வகம் அளந்து சொல்ல வேண்டும். அதன் மின் இரைச்சல் நாற்பது டெசிபலைத் தாண்டக்கூடாது. நீங்களோ மாகறல் கோயிலில் பூஜை போட்டு, பெட்டியை ஜரிகைத் துணியால் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தீர்கள். "வேலை முடியற வரைக்கும் சாமி துணிய அவுக்கக்கூடாது மாமா." எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வசந்த், "சாமி விஷயம் சார், இருக்கட்டும்" என்றான். துணியோடு அளந்ததில் முப்பத்தெட்டு வந்தது. நீங்கள் லட்டு டப்பாவைத் திறந்தீர்கள். எங்கள் அளவு எதிலும் ஐந்து டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம், ஆகவே இது நாற்பத்து மூன்றாகவும் இருக்கலாம் என்றேன். "இன்னா மாமா, இவ்ளோ படிச்சிகினு ஒரு நம்பரக்கூட உருப்படியா சொல்ல மாட்டேன்றியே!" வெள்ளி ஜரிகைதான் இரைச்சலை அமுக்குகிறதோ என்று தோன்றி, துணியை நானே அவிழ்த்தேன். நாற்பத்து நான்கு. அந்த நிமிடத்தில்தான் உங்களுக்குக் கணக்கு வந்தது. "அஞ்சு கொறைச்சலாவும் இருக்கலாம்னு நீதான சொன்ன? அப்போ முப்பத்தொம்போது. பாஸ் போடுபா!" வசந்த் சிரித்தான், ஆய்வகமே சிரித்தது. அளவில் உள்ள சந்தேகத்தைப் பற்றி இத்தனை வருடம் நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கியதில்லை. முதன்முதலாக வாங்கியவர் நீங்கள், அதுவும் என்னை அடிப்பதற்கு.

கையெழுத்துப் போடமாட்டேன். மாலையை வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மாகறல் ஈசன் உங்களுக்கு நல்ல புத்தி தரட்டும்.

தர்மன்

பி.கு.: உங்கள் அக்காள் இதைப் படித்தாள். "என் தம்பி வராம பொண்ண மணையில ஒக்கார வைக்க மாட்டேன். உங்க அஞ்சு டெசிபல் வந்து மாலை எடுத்துக் குடுக்குமா?" என்றாள். பிரியதர்ஷினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே புது விண்ணப்பம் போடுங்கள். ஜரிகை உறையும் பெட்டியின் ஒரு பாகம், விற்கும் ஒவ்வொரு பெட்டியும் உறையோடுதான் போகும் என்று எழுதுங்கள். எழுதினபடியே விற்கவும் செய்யுங்கள். உறையோடு அளக்கிறேன். முப்பத்தெட்டு வந்தால் முப்பத்தெட்டுதான். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடவும்.